‘பிறகு பார்க்கலாம்’ என்பது மறுப்பாகாது

கேள்வி: பாரிஸில் சாக்ரே கேர் தேவாலயப் படிக்கட்டருகே ஒருவர் என் கையைப் பிடித்து வண்ணக் கயிற்றைக் கட்டிவிட்டுப் பணம் கேட்டார், கொடுத்தேன். கீசா பிரமிடுகளில் ஒட்டகக்காரர் ஒருவர், ‘சில்லறை இல்லை, பிறகு பார்க்கலாம்’ என்று எவ்வளவு சொல்லியும் விடாமல் பின்தொடர்ந்தார். அங்கோர் வாட்டில் ஒரு சிறுமியிடம் அஞ்சலட்டைகள் வாங்கியது மட்டுமே மனநிறைவைத் தந்தது. ஏழைகளிடம் கடுமையாக நடந்துகொள்ள மனம் வரவில்லை. இவர்களை எப்படிச் சமாளிப்பது?

பதில்: உங்கள் கடிதத்தில் ‘வேண்டாம்’ என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை. ‘பிறகு பார்க்கலாம்’ என்றால், நீங்கள் திரும்பும் வழியில் அவர் காத்திருப்பார். ‘சில்லறை இல்லை’ என்றால், மாற்றித் தர முன்வருவார். பேச்சுக்காக விலையைக் கேட்டுவிட்டாலோ பேரம் தொடங்கிவிட்டதாகவே கொள்வார். இவற்றை மென்மையான மறுப்பு என்று நீங்கள் கருதுகிறீர்கள். வெயிலில் நின்று பிழைக்கும் ஒருவருக்கு இல்லாத நம்பிக்கையை ஊட்டி, அரை மணி நேரம் பின்னால் நடக்கவைப்பதைத்தான் நான் கடுமை என்பேன்.

நடையை நிறுத்தாமல், ஒரே ஒரு முறை அவர் முகத்தைப் பார்த்து, ‘வேண்டாம், நன்றி’ என்று அந்நாட்டு மொழியிலேயே சொல்லுங்கள். அரபு பேசும் நாடுகளில் ‘லா, ஷுக்ரன்’ போதும். காரணம் சொல்லத் தொடங்காதீர்கள், ஏனென்றால் நீங்கள் சொல்லக்கூடிய ஒவ்வொரு காரணத்தையும் அவர் நூறு முறை கேட்டிருப்பார், பதிலும் ஆயத்தமாக வைத்திருப்பார். ‘எந்த நாட்டிலிருந்து வருகிறீர்கள்?’ என்ற கேள்விக்கு நின்று பதில் சொல்ல வேண்டிய கடமையும் உங்களுக்கு இல்லை.

கயிறு கட்டியவரின் செயல் வேறு வகை. அதை வியாபாரம் என்று சொல்ல எனக்கு மனமில்லை. மொராக்கோ நாட்டு மாரகேஷ் நகரின் ஜமா எல் ஃப்னா சதுக்கத்தில் கேளாமலே கையில் மருதாணி வைத்துவிடுவதும், இஸ்தான்புல்லில் காலணி துடைப்பவர் தற்செயலாக விழுந்ததுபோல் தன் பிரஷைத் தவறவிட்டு, அதை எடுத்துக் கொடுப்பவரின் காலணியை ‘நன்றிக்காக’த் துடைத்துவிட்டுக் கூலி கேட்பதும் இதே முறைதான். ஒன்றைப் பெற்றுக்கொண்டால் திருப்பிச் செய்யாமல் இருக்கக் கூசும் மனித இயல்பையே இவர்கள் முதலாக்குகிறார்கள். நீங்கள் கேட்டுப் பெறாத ஒன்றுக்கு நீங்கள் கடன்பட்டவர் அல்லர். கூட்டமான இடங்களில் கைகளை மடக்கி வைத்துக்கொள்ளுங்கள். கயிற்றைக் கட்டிவிட்டால் கழற்றிக் கொடுங்கள். வாங்க மறுத்தால் அருகிலேயே வைத்துவிட்டு நகருங்கள். பலர் சூழ்ந்துகொண்டு மிரட்டினால் மட்டும் வாதாடாமல் கையில் இருக்கும் சிறு தொகையைக் கொடுத்துவிட்டு, ஆள் நடமாட்டமுள்ள கடைக்கோ காவலரிடமோ செல்லுங்கள். அப்போது பணத்தைவிட உங்கள் பாதுகாப்பே பெரிது.

ஒட்டகத்தில் ஏறும் ஆசை உண்மையிலேயே இருந்தால், ஏறும் முன்பே நேரத்தையும் இறங்குவது உட்பட மொத்தத் தொகையையும் பேசி முடியுங்கள். ஏறுவதற்கு ஒரு விலை, இறக்கிவிடுவதற்கு வேறொரு விலை என்று கேட்பது அங்கு நெடுநாளாக நடப்பது. நீங்கள் கேட்ட விலைக்கு அவர் இறங்கி வந்த பிறகு ‘வேண்டாம்’ என்று போவது மட்டும் கூடாது. இத்தாலியில் தெருவில் விற்கும், பிரபல நிறுவனங்களின் பெயர் பொறித்த போலிப் பைகளை இரக்கப்பட்டும் வாங்காதீர்கள். அங்கு வாங்கியவருக்கே 7,000 யூரோ வரை அபராதம் விதிக்கச் சட்டம் உண்டு.

அங்கோர் வாட்டில் கிடைத்த மனநிறைவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், உங்களுக்கு வருத்தமாக இருந்தாலும். குழந்தைகளிடம் எதையும் வாங்க வேண்டாம் என்று கம்போடியாவில் அவர்களுக்காகப் பணியாற்றும் அமைப்புகள் பயணிகளை வேண்டிவருகின்றன. குழந்தை கொண்டுவரும் வருமானம் பெரியவர்கள் கொண்டுவருவதைவிட எளிதாகக் கிடைக்கும்வரை, அக்குழந்தையைப் பள்ளிக்கு அனுப்ப வீட்டில் யாருக்கும் அவசரம் இருக்காது. அடுத்த முறை அதே அஞ்சலட்டைகளை வயதுவந்த ஒருவரிடம் வாங்குங்கள்.