கேளுங்க சொல்றோம்: இந்த வருஷம் செட்டியாரைக் கீழே இறக்குங்க!

விடுமுறைக்கு வீட்டில் கூட்டம் சேரப் போகிறது, என்ன 'தீம்' வைக்கலாம்? இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதி இதைத்தான் கேட்கின்றன. ஐந்து கடிதங்களை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

பன்னிரண்டு வருஷமா அதே ஐந்து படி, அதே பொம்மைகள். போன வருஷம் நாத்தனார் விண்வெளி தீம் என்று ராக்கெட்டெல்லாம் வைத்து அசத்திவிட்டார். நவராத்திரி ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் நாற்பது பேரைக் கூப்பிடுகிறேன். புதுப் பொம்மை வாங்கப் பணம் இல்லை. என்ன செய்யலாம்? (தாம்பரம் வாசகி)

முதலில் நாத்தனாரை மறந்துவிடுங்கள். ராக்கெட்டைப் பார்ப்பார்கள், போட்டோ எடுப்பார்கள், சுண்டலை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். நாற்பது பேர் வந்தால் அந்த நாற்பது பேருக்கும் கையில் ஏதாவது வேலை இருக்கணும். என்னைக் கேட்டால் தீம் என்பதே அதுதான்.

உங்கள் கொலுவில் செட்டியார் பொம்மை இருக்கும். தொப்பையோடு அவர், பக்கத்தில் அவர் மனைவி, முன்னால் சின்னக் கிண்ணங்களில் அரிசி, பருப்பு, மஞ்சள். வழக்கமாகக் கீழ்ப்படியின் ஓரத்தில் ஒடுங்கிக் கிடப்பார். இந்த வருஷம் அவரைத் தரைக்கு இறக்கி, ஹாலில் ஒரு பக்கம் முழுக்கச் சந்தை போட்டுவிடுங்கள். பழைய சுங்குடிப் புடவை இரண்டைக் கட்டினால் பந்தல். வளையல் கடை, பூக்கடை, வெற்றிலைக் கடை, சுண்டல் கடை என்று நாலு பலகை போதும், கடைக்காரர்கள் எல்லாம் வருகிற வாண்டுகள்தான். வாசலிலேயே ஆளுக்கு இருபது புளியங்கொட்டையைக் கையில் எண்ணிக் கொடுங்கள், அதுதான் அன்றைய பணம். எப்படியும் தாம்பூலத்தில் வெற்றிலை பாக்கு, மஞ்சள், குங்குமம், வளையல், சீப்பு, கண்ணாடி என்று வைத்துக் கொடுக்கத்தானே போகிறீர்கள்? அதையே கடையில் பரப்பி வைத்து அவர்களே வாங்கிக்கொண்டு போகட்டும், ஒரு பைசா கூடுதல் செலவில்லை. பிள்ளைகளிடம் மட்டும் ரகசியமாகச் சொல்லி வையுங்கள்: எட்டு கொட்டை என்று சொல்லணும், ஆறுக்கு இறங்கணும், ஐந்துக்கு முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளணும். எங்கள் வீட்டில் இதைச் செய்தபோது வங்கியில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர், ஒரு முழம் கதம்பத்துக்காக ஏழு வயசுப் பெண்ணிடம் கால் மணி நேரம் பேரம் பேசி, கடைசியில் தோற்றார்!

கொட்டை தீர்ந்துவிட்டதா? ஒரு பாட்டுப் பாடினால் ஐந்து கொட்டை இனாம். கொலுவுக்கு வந்தவர்களைப் பாடச் சொல்லி, அவர்கள் தொண்டை சரியில்லை என்று நழுவுகிற அந்தப் பழைய நாடகம் அன்றைக்கு நடக்காது.

சந்தைக்குப் பக்கத்தில் வயல் வேண்டாமா? தட்டில் மணல் பரப்பி செவ்வாய்க்கிழமை ராத்திரி கடுகையோ கேழ்வரகையோ தூவி, தண்ணீரை ஊற்றாமல் தெளித்து மட்டும் வந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குப் பச்சென்று நிற்கும். சுண்டலுக்கு நாற்பது பேருக்கு ஒன்றரைக் கிலோ கொண்டைக்கடலை போதும், சனிக்கிழமை ராத்திரியே ஊறப் போட்டுவிடுங்கள். தேங்காயை மொத்தமாகக் கொட்டிக் கிளறி வைக்காதீர்கள், ஆட்கள் வர வர அவ்வப்போது சேருங்கள். கடைசியாக வருகிறவருக்கு ஊசிப்போன சுண்டல் என்றால் அடுத்த பன்னிரண்டு வருஷமும் அதைத்தான் பேசுவார்கள்.

கிறிஸ்துமஸ் விடுமுறையில் அபார்ட்மென்ட் நண்பர்கள் சேர்கிறோம். எல்லோரும் சிவப்பு, வெள்ளையில் வரணும் என்று முடிவு செய்திருக்கிறோம். சரிதானே? (கோவை வாசகி)

பீரோவில் இருக்கிறவர்களுக்குச் சரி. இல்லாத குடும்பம் நாலு பேருக்குத் துணி எடுக்கணும், அதுவும் தீபாவளிக்கு எடுத்து ரெண்டு மாசம் ஆனதும் ஆகாததுமான நேரத்தில், இல்லையென்றால் ஊருக்குப் போகிறோம் என்று பொய் சொல்லணும். ஆளுக்கு ஒரு சிவப்புப் பொருள் கொண்டு வாருங்கள் என்று சொல்லிப் பாருங்களேன், மிளகாய் வற்றலோடு ஒருத்தர் வருவார், அம்மியில் அரைத்த சட்னியோடு ஒருத்தர் வருவார், பேச்சு தானாக ஆரம்பித்துவிடும்.

கோடை விடுமுறைக்கு அக்கா, தங்கை, பிள்ளைகள் என்று இருபது பேர் எங்கள் வீட்டில். வெயிலில் எங்கேயும் போக முடியாது. மொட்டை மாடி இருக்கிறது. ஏதாவது யோசனை? (திருச்சி வாசகர்)

திருச்சியில் இருந்துகொண்டு, மொட்டை மாடியையும் வைத்துக்கொண்டு, என்னைக் கேட்கிறீர்களே! சித்ரா பௌர்ணமிக்கு நிலாச்சோறு போடுங்கள் சார். தீம், அலங்காரம், லைட்டிங் எல்லாம் மேலேயிருந்து இலவசமாக வந்துவிடும்.

தேதி விஷயத்தில் மட்டும் கறாராக இருங்கள். பௌர்ணமி அன்று சூரியன் மறைகிற நேரத்தை ஒட்டித்தான் நிலா எழும், எட்டு மணிக்கெல்லாம் கைப்பிடிச் சுவரைத் தாண்டி நன்றாக மேலே வந்திருக்கும். ஆனால் நாளுக்கு நாள் ஏறக்குறைய ஐம்பது நிமிஷம் தாமதமாக எழும் என்பதால், சனிக்கிழமைதான் வசதி என்று ரெண்டு நாள் தள்ளி வைத்தீர்களானால் எட்டு மணிக்குப் பிள்ளைகள் பசியில் கத்தும்போது நிலா அப்போதுதான் பக்கத்து வீட்டுத் தண்ணீர் டாங்குக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்க்கும். முன்கூட்டி வைப்பதென்றால் ஒரு நாள், ரெண்டு நாள் பரவாயில்லை, பொழுது சாயும்போதே நிலா மேலே காத்திருக்கும்.

பகல் முழுக்கக் காய்ந்த தரையில் ராத்திரி எட்டு மணிக்கும் உட்கார முடியாது. ஐந்தரை மணிக்குப் பெரிய பிள்ளைகளிடம் வாளியைக் கொடுத்து மாடி முழுக்கத் தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள். குப்பென்று ஒரு வெக்கை கிளம்பும், அப்புறம் அடங்கிவிடும், ஏழு மணிக்கு ஜமுக்காளம் விரிக்கலாம். (ஊற்றுகிற சாக்கில் அவர்கள் முழுசாக நனைவார்கள். அதுவும் விடுமுறைதானே.)

இருபது பேருக்கு, அதில் பாதி பிள்ளைகள் என்றால், எல்லாக் கலந்த சாதத்துக்கும் சேர்த்து இரண்டேகால் கிலோ அரிசி சரியாக இருக்கும். புளியோதரையைக் காலையிலேயே கிளறிவிடுங்கள், ஊற ஊறத்தான் ருசி. எலுமிச்சை சாதம் மதியத்துக்கு மேல். தயிர் சாதத்தைக் குழையப் பிசைந்து, பாலை நிறைய விட்டு ஒரு கரண்டித் தயிர் மட்டும் சேர்த்து வைத்தால் ராத்திரிக்குள் தோய்ந்து புளிக்காமல் இருக்கும். தேங்காய் சாதம் கடைசியில்தான், சித்திரை வெயிலில் அது தாங்காது. தொட்டுக்கொள்ள வடாம், மாவடு.

தட்டே வேண்டாம். வீட்டில் மூத்தவர் யாரோ, அம்மாவோ பெரியம்மாவோ, நடுவில் பாத்திரத்தோடு உட்காரட்டும், மற்றவர்கள் சுற்றி வட்டமாக. அவர் உருட்டி உருட்டிக் கையில் போட, உள்ளங்கையில் குழி செய்து அதில் வத்தக் குழம்பு ஒரு சொட்டு விட்டுச் சாப்பிடுகிற சுகம் தட்டில் வராது, ரெண்டு தோசைக்கு மேல் தொடாத பிள்ளைகூட ஏழாவது உருண்டைக்குக் கை நீட்டும். மாடி பல்பை அணைத்துவிடுங்கள். செல்போன்களையெல்லாம் ஒரு தூக்குச்சட்டியில் போட்டு மூடி அதன்மேல் சித்தப்பாவை உட்கார வைத்துவிட்டால் இன்னும் நல்லது. மேகம் மூடிவிட்டால்? பேய்க்கதை.

ஆளுக்கு ஒரு ஐட்டம் கொண்டு வரலாம் என்று பேசியிருக்கிறோம், புத்தாண்டுக்கு. பதினோரு குடும்பம். (சேலம் வாசகி)

யார் எதை என்று எழுதிவிட்டீர்களா? 'உங்க இஷ்டம்' என்று மட்டும் விட்டுவிடாதீர்கள். ஒரு பொங்கலுக்கு நான் அப்படி விட்டு, ஆறு குடும்பத்தில் நாலு குடும்பம் லெமன் ரைஸோடு வந்து நின்றது. ஐந்தாவது குடும்பம் அப்பளம். அப்படி விடுவதாக இருந்தால் அதையே 'தீம்' ஆக்கிவிடுங்கள்: அவரவர் சொந்த ஊர்ப் பலகாரம். விருதுநகர்க்காரர் பொரிச்ச பரோட்டாவோடும், மணப்பாறைக்காரர் முறுக்கோடும், திருநெல்வேலிக்காரர் அல்வாவோடும் வருவார்கள். ஒரே ஊர்க்காரர் மூணு பேர் இருந்தால் என்ன செய்வது என்று கேட்காதீர்கள், சண்டையை ரசிப்பதுதான்.

பொங்கல் லீவுக்கு வருகிற சொந்தங்களுக்காகப் 'பழைய காலம்' என்று தீம் யோசித்தேன். மாமியார், "தீமாவது கீமாவது" என்கிறார். எப்படிச் சம்மதிக்க வைப்பது? (மதுரை வாசகி)

உங்கள் மாமியார் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அவர் வாழ்ந்த காலத்தை அவரைக் கேட்காமல் நீங்கள் தீம் ஆக்கினால் யாருக்குத்தான் பிடிக்கும்? சம்மதம் கேட்காதீர்கள், சந்தேகம் கேளுங்கள். பல்லாங்குழியில் பதினாலு குழிக்கும் ஐந்தைந்தாகப் போட்டால் எழுபது சோழி, அதுவரைக்கும் உங்களுக்கே தெரியும். நாலு சேர்ந்தால் பசு, அதை யார் எடுப்பது, எப்போது எடுப்பது என்று வேண்டுமென்றே தப்பாக ஆடிக் காட்டுங்கள். பத்து நிமிஷம் பொறுக்க மாட்டார், பலகையைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வார். அப்புறம் அன்றைய ஆட்டத்துக்கெல்லாம் அவர்தான் அம்பயர் என்று அறிவித்துவிடுங்கள்.

அழைப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். தபால் ஆபீசில் போஸ்ட் கார்டு வாங்கி, கையால் எழுதி, நல்ல சேதி என்று காட்ட மூலைகளில் மஞ்சள் தடவி அனுப்புங்கள். மஞ்சள் தடவுகிற வேலையையும் அவரிடமே விட்டுவிடுங்கள், நீங்கள் தடவினால் எழுத்தெல்லாம் கலைந்துவிட்டது என்று இன்னொரு பேச்சு வரும்.