தியோடர் ரூஸ்வெல்ட் அமெரிக்க ஜனாதிபதியான பிறகும் தன் பழைய மாட்டுப் பண்ணையாட்களோடு உறவு வைத்திருந்தாரா?

வைத்திருந்தார். பில் சீவாலே போதுமான சான்று. மெய்ன் மாநிலக் காட்டு வழிகாட்டியான அவரை 1884-ல் டகோட்டா பிரதேசத்திலிருந்த தன் பண்ணைக்கு அழைத்துவந்தார் ரூஸ்வெல்ட். எல்க்ஹார்ன் பண்ணை வீட்டை மரம் வெட்டிக் கட்டியவர்கள் சீவாலும் உறவினர் வில்மட் டோவும்தான்.

1886 வசந்தத்தில் பண்ணைப் படகு களவுபோனது. இருவரும் புதுப் படகு கட்ட, ரூஸ்வெல்ட்டோடு மூவரும் பனிக்கட்டி மிதக்கும் லிட்டில் மிசௌரி ஆற்றில் துரத்திப்போய்த் திருடர்களைப் பிடித்தார்கள்.

‘இது மாட்டுக்கு ஏற்ற நிலமில்லை’ என்று முதலாளியிடமே முதலில் சொன்னவரும் சீவால்தான். 1886-87 குளிர்காலம் மந்தையில் பெரும்பகுதியைக் கொன்றபோது அது பலித்தது. அந்த வெளிப்படைப் பேச்சுதான் நட்பைக் காத்தது என்பேன். ஜனாதிபதியான பிறகு ரூஸ்வெல்ட் அவரை மெய்னில் சுங்க அதிகாரியாக நியமித்தார். இன்னொரு கூட்டாளி மெரிஃபீல்டு மொன்டானாவில் மார்ஷல் (மத்திய அரசின் சட்ட அமலாக்க அதிகாரி) ஆனார். சீவாலுடன் கடிதத் தொடர்பு பல பத்தாண்டுகள் நீடித்தது.