பட்டப்பின் படிப்பும் பணக்கணக்கும்: வாசகர் கேள்வி – பதில்

மலையகத்தில் முதல் பட்டத்தை முடித்து அடுத்த படிப்புக்கு வழி தேடுகிறவர்களிடமிருந்தும் அவர்களுடைய பெற்றோரிடமிருந்தும் இம்மாதம் பல கடிதங்கள் வந்துள்ளன. அவற்றுள் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறோம்.

கேள்வி: பேராதனைப் பல்கலைக்கழகத்தில் இரசாயனவியலில் சிறப்புப் பட்டம் பெற்று, இப்போது தற்காலிக உதவி விரிவுரையாளராகப் பணியாற்றுகிறேன். அமெரிக்காவில் இரண்டு பல்கலைக்கழகங்களில் அனுமதி கிடைத்திருக்கிறது. பெயர்பெற்ற ஒன்றில் இரண்டு ஆண்டு முதுமாணிப் படிப்பு. ஆண்டுக் கட்டணம் 32,000 டொலர், அதில் பாதியைப் புலமைப்பரிசிலாகத் தள்ளுபடி செய்கிறார்கள். அவ்வளவாக அறியப்படாத மற்றதில் கலாநிதிப் படிப்பு. கட்டணம் முழுவதும் விலக்கு, கற்பித்தல் உதவியாளர் பணிக்கு ஆண்டுக்கு 22,000 டொலர் கொடுப்பனவு. அம்மா கொழுந்து பறிக்கிறார். அப்பா ஓய்வு பெற்றுவிட்டார். வீட்டில் எல்லோரும் பெயர்பெற்ற இடத்துக்கே போகச் சொல்கிறார்கள். – வாசகி, பொகவந்தலாவை

பதில்: உங்கள் ஆய்வு விருப்பம் கலாநிதிப் படிப்புடன் பொருந்துமானால் இரண்டாவதையே தேர்ந்தெடுங்கள் என்பதே எங்கள் ஆலோசனை. புலமைப்பரிசில் எத்தனை வீதம் என்பதை விட்டுவிட்டு, எல்லாவற்றையும் கழித்த பிறகு நீங்கள் கையிலிருந்து கொடுக்க வேண்டியது எவ்வளவு என்பதை மட்டும் பாருங்கள்.

முதலாவது இடத்தில் பாதிக் கட்டணம் போக ஆண்டுக்கு 16,000 டொலர் மிஞ்சுகிறது. அறையைப் பகிர்ந்து வாடகைக்கு 600, சாப்பாட்டுக்கு 300, போக்குவரத்துக்கும் தொலைபேசிக்கும் 150 என்று சிக்கனமாகப் போட்டாலும் மாதம் 1,050 டொலர், ஆண்டுக்கு 12,600 டொலர். மருத்துவக் காப்புறுதிக்கு 3,000 என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 31,600 டொலர். மாணவ விசாவில் இருப்பவர் தவணைக் காலத்தில் பல்கலைக்கழக வளாகத்துக்குள் வாரத்துக்கு 20 மணி நேரம் வரை வேலை செய்யலாம். மணிக்கு 12 டொலர் வீதம் 32 வாரம் உழைத்தால் 7,680 டொலர் வரும். அதையும் கழித்துவிட்டால் 23,920 டொலர் குறைகிறது. டொலருக்கு 300 ரூபாய் என்று கணக்கிட்டால் அது சுமார் 72 இலட்சம் ரூபாய். 2024 செப்டெம்பரில் நிர்ணயிக்கப்பட்டிருந்த 1,350 ரூபாய் நாட்சம்பளத்தின்படி பார்த்தால், உங்கள் அம்மாவுக்கு மாதம் 25 நாளும் முழுப் பேர் (முழுநாள் சம்பளப் பதிவு) போட்டாலும், அது 17 ஆண்டுச் சம்பளத்துக்கும் கூடுதலான தொகை. அதுவும் ஓராண்டுப் படிப்புக்கு மட்டும். அந்தப் பல்கலைக்கழகம் விசாவுக்குத் தேவையான ஐ-20 படிவத்தைத் தருவதற்கு முன்பே, முதலாண்டுச் செலவுக்குரிய பணம் இருப்பதற்கான ஆதாரத்தைக் கேட்கும். வளாக வேலையில் பின்னர் கிடைக்கப்போகும் சம்பளத்தை அந்த ஆதாரமாகக் காட்ட முடியாது.

கடன் பட்டாவது போகலாம் என்று யாராவது சொன்னால், 2022ஆம் ஆண்டை நினைத்துப் பாருங்கள். அவ்வாண்டு மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாயளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 350 ரூபாயைத் தாண்டியது. ரூபாயில் சம்பாதிக்கும் வீடு டொலரில் கட்டணம் செலுத்த ஒப்புக்கொண்டால், தன் கையில் இல்லாத ஒரு விலைக்கு ஒப்புக்கொள்கிறது என்றுதான் பொருள்.

இரண்டாவது இடத்தில் 22,000 டொலர் கொடுப்பனவிலிருந்து காப்புறுதிப் பங்கும் பல்கலைக்கழகத்தின் சில்லறைக் கட்டணங்களுமாக 3,000, வரியாக 2,000 போனாலும், அதே 12,600 டொலர் வாழ்க்கைச் செலவுக்குப் பிறகு 4,400 டொலர் கையில் நிற்கும். இது பெரிய தொகையல்ல. என்றாலும் வீட்டிலிருந்து ஒரு சதமும் கேட்காத கணக்கு.

ஆனால் இந்தக் கணக்கு உறுதியாவதற்கு முன் அந்தத் துறையின் பட்டப்பின்படிப்பு இணைப்பாளருக்குக் கடிதம் எழுதிச் சிலவற்றைக் கேட்டறிய வேண்டும். 22,000 டொலர் என்பது ஒன்பது மாதத்துக்கா, பன்னிரண்டு மாதத்துக்கா? ஒன்பது மாதத்துக்கு என்றால், கோடை விடுமுறை மூன்று மாதமும் சம்பளமில்லாமல் வாழ்வதற்கு முன்னமே சேமித்திருக்க வேண்டும். அல்லது அம்மாதங்களில் ஆய்வு உதவியாளர் பணி வழக்கமாகக் கிடைக்கிறதா என்று அறிய வேண்டும். உதவி எத்தனை ஆண்டுக்கு உறுதி, அதைத் தொடர என்ன புள்ளி நிலை தேவை, கட்டண விலக்கில் அடங்காத கட்டணங்கள் எவை, முதல் கொடுப்பனவு எந்தத் திகதியில் கைக்கு வரும் என்பவற்றையும் கேளுங்கள். இவற்றைக் கேட்பதால் அவர்கள் தவறாக நினைப்பார்கள் என்று தயங்க வேண்டாம். இத்தகைய கேள்விகளுக்குப் பதில் சொல்வது அவர்களுடைய அன்றாட வேலை.

கடைசிக் கேள்வியே நம்மவர்களை அதிகம் தடுமாற வைப்பது. ஓகஸ்டில் போய் இறங்கினால் முதல் கொடுப்பனவு செப்டெம்பர் இறுதியில்தான் வரக்கூடும். அதற்குள் அறைக்கு முற்பணம், முதல் மாத வாடகை, சாப்பாடு, குளிருடை எல்லாம் வந்துவிடும். புறப்படும் முன்பே விசா விண்ணப்பத்துக்கு 185 டொலர், வெளிநாட்டு மாணவர் பதிவுக்கான செவிஸ் கட்டணம் 350 டொலர் என 535 டொலர், அதாவது சுமார் 1,60,000 ரூபாய், கட்டியாக வேண்டும். விமானச் சீட்டு தனி. ஆகவே முழு உதவி பெற்றவருக்கும் கையில் ஒரு தொகை தேவைப்படுகிறது. இன்றிலிருந்தே உங்கள் விரிவுரையாளர் சம்பளத்தில் அதற்கென ஒரு பங்கை ஒதுக்குங்கள். குறைகிற தொகைக்கு உறவினரிடம் கைமாற்று வாங்கினாலும், முதலாண்டில் மிஞ்சும் 4,400 டொலரில் அடைக்கக்கூடிய அளவுக்கு மேல் வாங்க வேண்டாம்.

உடனே பதில் தருமாறு யாராவது நெருக்கினால், அமெரிக்கப் பட்டப்பின்படிப்புப் பேரவையின் தீர்மானத்தில் ஒப்பமிட்ட பல்கலைக்கழகங்கள், நிதி உதவியுடன் கூடிய அனுமதிக்கு ஏப்ரல் 15ஆம் திகதிக்கு முன்னர் பதில் சொல்லும்படி மாணவரைக் கட்டாயப்படுத்துவதில்லை என்பதை அறிந்துகொள்ளுங்கள். உங்கள் பல்கலைக்கழகம் அப்பட்டியலில் உள்ளதா என்று பார்த்துவிட்டு ஆறுதலாக முடிவெடுங்கள்.

கேள்வி: அமெரிக்காவில் இருக்கும் மாமா, எஃப்.ஏ.எஃப்.எஸ்.ஏ. படிவத்தை நிரப்பினால் அரசாங்க உதவி கிடைக்கும் என்கிறார். இங்கிருந்து நான் நிரப்பலாமா? – வாசகர், மஸ்கெலியா

பதில்: முடியாது. அது அமெரிக்கப் பிரஜைகளுக்கும் நிரந்தர வதிவிட உரிமை பெற்றோர் முதலிய சில பிரிவினருக்கும் உரியது. மாணவ விசாவில் செல்பவருக்கு உரியதன்று. மாமாவின் பிள்ளைகளுக்குப் பயன்பட்டிருக்கும், அதனால் சொல்லியிருப்பார். உங்களுக்குரிய உதவி பல்கலைக்கழகத் துறைகளிலிருந்தும், அமெரிக்க–இலங்கை ஃபுல்பிரைட் ஆணைக்குழு போன்ற இடங்களிலிருந்தும்தான் வரும்.

கேள்வி: மகனுக்கு இங்கிலாந்தில் ஓராண்டு முதுமாணிப் படிப்புக்கு இடம் கிடைத்திருப்பதாக முகவர் சொல்கிறார். வங்கியில் காட்ட வேண்டிய பணத்தைத் தானே சில வாரங்களுக்கு ஒழுங்கு செய்து தருவதாகவும் அதற்கு வட்டி கொடுத்தால் போதும் என்றும் கூறுகிறார். கட்டணத்துக்கு என் மனைவியின் சேமலாப நிதியையும் நகைகளையும் வைத்துச் சமாளிக்கலாம் என்று நினைக்கிறோம். வீட்டுக்குக் காணி உறுதி இல்லாததால் வங்கிக் கடன் கிடைக்கவில்லை. – ஒரு தகப்பன், பண்டாரவளைப் பகுதி

பதில்: ஐயா, முகவரின் அந்த ஒழுங்குக்கு உடன்பட வேண்டாம் என்று உங்களை வேண்டிக் கேட்டுக்கொள்கிறோம். பிரித்தானிய விசாவுக்குத் தேவையான பணம் தொடர்ச்சியாக 28 நாட்கள் கணக்கில் இருக்க வேண்டும் என்பது விதி. வேறொருவருடைய பணத்தைத் தன் பணமாகக் காட்டுவதும் பொய் ஆவணம் கொடுப்பதும் ஏமாற்று என்று கண்டறியப்பட்டால், விசா மறுக்கப்படுவதோடு பத்து ஆண்டுகள் வரை அந்நாட்டுக்கு விண்ணப்பிக்க முடியாத தடையும் வரக்கூடும். முகவர் தன் வட்டியை வாங்கிக்கொண்டு போய்விடுவார். தடை உங்கள் மகனின் பெயரில் இருக்கும். அத்தோடு, காட்டுவதற்கு மட்டும் கடன் வாங்கிய பணம் அங்கே போன பிறகு சாப்பாட்டுக்கு இருக்கப்போவதில்லை. மருத்துவ மேலதிகக் கட்டணமாக மாணவர் ஆண்டுக்கு 776 பவுண் வீதம் முன்கூட்டியே செலுத்த வேண்டும் என்பதையும் முகவர் உங்களுக்குச் சொன்னாரா என்று பாருங்கள்.

உங்கள் மனைவியின் ஊழியர் சேமலாப நிதியைப் பற்றிச் சற்று அழுத்தியே சொல்கிறோம். மாதாமாதம் அவருடைய சம்பளத்தில் 8 வீதமும் நிர்வாகத்தின் 12 வீதமும் சேர்ந்து, மழையிலும் அட்டைக் கடியிலும் கழிந்த காலம் முழுவதும் திரண்ட தொகை அது. ஓய்வூதியம் இல்லாத தோட்டத் தொழிலாளிக்கு முதுமையில் அதுவே முக்கிய ஆதாரம். பிள்ளையின் படிப்புக்காக அதைக் கொடுக்கத் தாய்மார் தயங்குவதில்லை. ஆகவே கேட்கிறவர்தான் தயங்க வேண்டும். நகையை அடகு வைத்தால் மீட்கலாம். செலவழிந்த சேமலாப நிதியை மறுபடி சேர்க்க அவருக்கு வேலைக் காலம் இல்லை. காணி உறுதி இல்லாத லய வீடுகளில் வாழும் நம் மக்களுக்கு வங்கிகள் கடன் மறுப்பது ஒரு பெரிய அநீதி என்பதில் எங்களுக்கு ஐயமில்லை. ஆனால் அந்த அநீதிக்கு மாற்றாகத் தாயின் முதுமையைப் பிணையாக வைப்பதை எங்களால் ஆதரிக்க முடியவில்லை.

மகன் இந்த இடத்தை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைக்க முடியுமா என்று பல்கலைக்கழகத்திடம் நேரடியாகக் கேட்கட்டும். இடையில் பொதுநலவாயப் புலமைப்பரிசில்களுக்கு அவர் விண்ணப்பிக்கலாம். அந்த உதவியின்றிப் பிரித்தானியாவில் படிக்க வசதியில்லாதவராக இருத்தல் அதற்குரிய தகுதிகளில் ஒன்று. உங்கள் குடும்பத்தின் நிலை அங்கே தடையாக இராது. பிரித்தானிய அரசின் செவனிங் புலமைப்பரிசில் கட்டணம், வாழ்க்கைச் செலவு, பயணம் ஆகிய மூன்றையும் ஏற்கிறது. அதற்குச் சுமார் இரண்டு ஆண்டு, அதாவது 2,800 மணி நேர வேலை அனுபவமும், படிப்பு முடிந்து இரண்டு ஆண்டு சொந்த நாட்டில் இருப்பதற்கான உறுதியும் வேண்டும். விண்ணப்பம் வழக்கமாக ஓகஸ்டில் திறந்து ஒக்டோபர் தொடக்கத்தில் மூடப்படும். இவற்றுக்கு விண்ணப்பக் கட்டணமும் இல்லை, முகவரும் தேவையில்லை.

கேள்வி: ஜேர்மனியில் படிப்பு இலவசம் என்கிறார்களே, அங்கே போவதற்கு ஏன் பல இலட்சம் வேண்டும்? – வாசகர், ஹப்புத்தளை

பதில்: பெரும்பாலான அரச பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை என்பது சரி, ஆனால் பாடன்–வுர்ட்டம்பேர்க் மாநிலத்தில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களிடம் தவணைக்கு 1,500 யூரோ வாங்குகிறார்கள். நீங்கள் கேள்விப்பட்ட பல இலட்சம் முடக்கக் கணக்குக்கு உரியது. 2024 செப்டெம்பர் முதல் ஓராண்டு வாழ்க்கைச் செலவாக 11,904 யூரோவை முன்கூட்டியே வைப்பிட வேண்டும். அது உங்களுடைய பணமே, மாதம் 992 யூரோ வீதம் உங்களுக்கே திரும்பி வரும். ஜேர்மன் கல்விப் பரிமாற்றச் சேவையின் டாட் புலமைப்பரிசில் கிடைத்தவருக்கு இந்த வைப்பு தேவைப்படுவதில்லை.

கேள்வி: நான் ஆசிரியர். வார இறுதியில் பேராதனைக்குப் போய் முதுமாணிப் படிப்பைத் தொடர விரும்புகிறேன். முதல் பட்டத்துக்கு மகாபொல புலமைப்பரிசில் கிடைத்ததுபோல இதற்கும் ஏதாவது கிடைக்குமா? – வாசகி, ஹட்டன்

பதில்: மகாபொல முதல் பட்ட மாணவருக்கு மட்டுமே உரியது. நமது நாட்டில் முதல் பட்டம் வரை கல்வி இலவசம். பட்டப்பின் படிப்புக்கு அரச பல்கலைக்கழகங்களும் கட்டணம் அறவிடுகின்றன. கட்டணத்தைத் தவணையாகச் செலுத்த முடியுமா என்று பதிவுக்கு முன் கேளுங்கள். ஆனால் வார இறுதிப் படிப்பில் பலருடைய கணக்கு கட்டணத்தால் தவறுவதில்லை, பயணத்தால் தவறுகிறது. கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை வழியாகப் போய் வரும் பேருந்துச் செலவு, சனி இரவு தங்கும் செலவு, இரண்டு நாட் சாப்பாடு, அச்சுப்பிரதிகள் எல்லாவற்றையும் ஒரு வார இறுதிக்குக் கூட்டி, பாடநெறியில் எத்தனை வார இறுதிகள் உள்ளனவோ அதனால் பெருக்குங்கள். வரும் தொகையை வீட்டுச் செலவுக் கணக்கில் தனி நிரலாகவே எழுதிக்கொள்ளுங்கள். அதே பாதையில் வரும் இன்னொரு மாணவியோடு சேர்ந்து ஓர் அறை எடுத்தால் இச்செலவு வெகுவாகக் குறையும்.

முழுநேரமாகப் படிக்க இயலுமானால், இந்திய அரசு இலங்கையருக்கு வழங்கும் மௌலானா ஆசாத் புலமைப்பரிசில் முதுமாணிப் படிப்புக்கு உரியது. விஞ்ஞானத் துறையினர் தேசிய விஞ்ஞான மன்றத்தின் நிதியில் நடக்கும் ஆய்வுத் திட்டங்களில் ஆய்வு உதவியாளராகச் சேர்ந்து, மாதக் கொடுப்பனவோடு பட்டத்துக்கும் பதிவு செய்யலாம். பேராசிரியர்களுக்கு நேரே எழுதிக் கேட்பதே அதற்கு நல்ல வழி. அரச சேவையில் சம்பளத்துடன் கல்வி விடுமுறை எடுப்பதானால், எத்தனை ஆண்டு சேவையாற்ற வேண்டும், இடையில் விலகினால் எவ்வளவு திருப்பிச் செலுத்த வேண்டும் என்று உடன்படிக்கையை வாசித்த பின்னரே ஒப்பமிடுங்கள்.

கேள்வி: குடும்ப வருமானத்தை நிரூபிக்கச் சொல்கிறார்கள். தோட்டத்தில் வேலை செய்யும் பெற்றோருக்கு எதைக் காட்டுவது? – வாசகர், தலவாக்கலை

பதில்: தோட்டக் காரியாலயம் தரும் சம்பளச் சீட்டுகளும், கிராம உத்தியோகத்தர் வழங்கிப் பிரதேச செயலாளர் மேலொப்பமிட்ட வருமானச் சான்றிதழும் போதுமானவை. கொழுந்து குறைந்த மாதமும் கூடிய மாதமும் வேறுபடுமாகையால் ஓராண்டுச் சீட்டுகளைச் சேர்த்து வையுங்கள். தமிழிலோ சிங்களத்திலோ உள்ளவற்றைச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் ஆங்கிலத்தில் பெயர்த்துக்கொள்ள வேண்டும். பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயரும் சம்பளச் சீட்டில் இன்னொரு பெயருமாக இருப்பது நம் குடும்பங்களில் சாதாரணம். இருவரும் ஒருவரே எனச் சத்தியக் கடதாசி ஒன்றை இப்போதே முடித்து வையுங்கள். முடிவுத் திகதி நெருங்கும்போது இதற்காக அலைந்து வாய்ப்பை இழந்தவர்கள் உண்டு. எந்தப் பல்கலைக்கழகத்துக்கும் மூல ஆவணங்களை அனுப்ப வேண்டாம்; சான்றுப்படுத்திய பிரதிகளையே அனுப்புங்கள்.