வேனோடு டெல்டாவுக்கு

கேள்வி: வேனிலேயே படுக்கை, அடுப்பு வைத்து நானும் கணவரும் ஊர் ஊராகப் போகிறோம். அடுத்து டெல்டா. எங்கே போகலாம், எங்கே தங்கலாம்?
– வாசகி, நாகர்கோவில்

பதில்: முதலில் தரங்கம்பாடிக்குப் போங்கம்மா. ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு 1706-ல் வந்து இறங்கிய ஊர். அவர் 1718-ல் கட்டிய புதிய எருசலேம் ஆலயத்தில் ஞாயிறு ஆராதனைக்கு உட்கார்ந்து பாருங்கள். எனக்கு அங்கே கண் கலங்கிவிடும்.

வேளாங்கண்ணித் திருவிழா ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை. அந்த நாட்களில் வேன் நிறுத்த இடம் தேடியே அலுத்துப்போவீர்கள்.

வாய்க்கால் கரையில் மட்டும் இரவு தங்காதீர்கள். மேலே வெடித்துக் காய்ந்த மண், அடியில் களி. சக்கரம் இறங்கினால் டிராக்டர்தான் இழுக்கணும். சித்திரை, வைகாசியில் நெல் களம் பெரும்பாலும் காலியாகக் கிடக்கும், தரையும் கெட்டி. ஊர்ப் பெரியவரிடம் கேட்டுவிட்டு நிறுத்துங்கள்.