பவுடர் பாலில் சியாலிக் அமிலம் தாய்ப்பால் அளவுக்கு இருக்குமா?

பிரசவத்துக்குக் காரைக்குடி வந்திருக்கும் மகளுக்குப் பால் பற்றவில்லை, சியாலிக் அமிலம் (மூளை வளர்ச்சிக்கு உதவலாம் என்று கருதப்படும் ஒரு சர்க்கரை வகை அமிலம்) கூடுதலாக உள்ள குழந்தைப் பால் பவுடர் எது என்று கேட்டிருக்கிறீர்கள்.

தாய்ப்பால் அளவுக்கு இருக்காது. 2001-இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வில், சோதித்த பவுடர்களில் பெரும்பாலானவற்றில் முதிர்ந்த தாய்ப்பாலில் இருப்பதில் கால்வாசிகூட இல்லை. இருக்கும் விதமும் வேறு. தாய்ப்பாலில் முக்கால்வாசி சியாலிக் அமிலம் ஒலிகோசாக்கரைடு என்ற சங்கிலிச் சர்க்கரைகளோடு சேர்ந்திருக்கிறது. பவுடர் செய்யும் பசும்பாலில் அந்தச் சர்க்கரைகள் மிகக் குறைவு. அதனால் பவுடரில் பெரும்பகுதி புரதத்தில்தான் ஒட்டியிருக்கும், முக்கியமாகக் கேப்பா கேசின் என்ற பால் புரதத்தின் ஒரு துண்டில். பாலைத் திரிக்கும் ரென்னட் என்ற நொதியை ஊற்றிச் சீஸ் எடுக்கும்போது அந்தத் துண்டு வெட்டுப்பட்டுத் தெளிநீருக்கு வந்துவிடும். அமிலத்தால் திரித்தால் கட்டியிலேயே தங்கிவிடும். எந்தத் தெளிநீரைச் சேர்த்தார்கள் என்பதைப் பொறுத்துப் பவுடருக்குப் பவுடர் அளவு மாறுவதற்கு இது ஒரு காரணம். இதை டப்பாவைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது, தேடி அலையவும் வேண்டாம். ஆட்டுப்பாலும் மாற்றாகாது: அதிலுள்ள சியாலிக் அமிலத்தில் ஒரு பங்கு மனித உடல் உண்டாக்காத வேறு வகை, ஃபோலேட் என்ற வைட்டமினும் மிகக் குறைவு.

தேட வேண்டிய இடம், பிரசவமான முதல் சில நாளில் தாய்க்குச் சுரக்கும் சீம்பால். சியாலிக் அமிலம் உச்சத்தில் இருப்பது அதில்தான். மூன்று மாதத்துக்குள் ஏறக்குறைய 80 சதவீதம் இறங்கிவிடும். முதல் நாள் ஒரு வேளைக்கு ஒரு தேக்கரண்டி வந்தாலே பிள்ளைக்குப் போதும். மஞ்சளாக இருக்கிறதென்று அதைப் பீய்ச்சிக் கொட்டிவிட்டுச் சேனை வைப்பதை (பிறந்த பிள்ளையின் நாக்கில் தேனோ சர்க்கரைத் தண்ணீரோ தடவுவதை) ஆயாவும் அப்பத்தாவும் தயவுசெய்து விட்டுவிட வேண்டும். தேன் ஒரு வயதுவரை கூடவே கூடாது; பாட்டுலிசம் என்ற நச்சுநோய் வரலாம்.

பால் பற்றவில்லை என்று முடிவுகட்டுமுன் எண்ணிப் பாருங்கள்: நாளைக்கு 8 முதல் 12 தடவை பாலூட்டுகிறாளா, ஐந்தாம் நாளுக்குப் பிறகு பிள்ளை ஆறு தடவையாவது சிறுநீர் கழிக்கிறதா, இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடை திரும்பியதா. இல்லையென்றால் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.

அவர் பவுடர் எழுதிக்கொடுத்தால், கலக்கும் அளவை டப்பாவில் உள்ளபடியே வையுங்கள். சிக்கனத்துக்காகத் தண்ணீரைக் கூட்டினால் எடை ஏறாது, ரத்தத்தில் சோடியம் இறங்கி வலிப்புகூட வரும். கரண்டியை அமுக்காமல் தலைதட்டி அளக்க வேண்டும். நல்ல தண்ணீர் என்று பெயரெடுத்த காரைக்குடிச் சம்பை ஊற்றுத் தண்ணீரே ஆனாலும் கொதிக்க வைத்து, அரை மணி நேரத்துக்குள், 70 டிகிரிக்குக் கீழே ஆறுமுன் பவுடரைப் போடுங்கள். பவுடரிலேயே கிருமி இருக்கலாம், அந்தச் சூடுதான் அதைக் கொல்லும். பிறகு புட்டியைக் குளிர்ந்த தண்ணீரில் நிறுத்தி ஆற்றி, மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துக் கொடுங்கள். இரண்டு மணி நேரத்தில் குடிக்காத மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள்.