வெப் ஒரு சர்வர், டேட்டாபேஸ் இன்னொரு சர்வர்: டாக்கர் கேள்வி பதில்

ஒரு மெஷினில் என்ஜின்எக்ஸ் வெப் சர்வரும் ஆப்பும், இன்னொன்றில் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ். எல்லாமே டாக்கர் கன்டெய்னர், அதாவது தேவையானதையெல்லாம் தன்னோடு அடைத்துத் தனியாக ஓடும் பெட்டி. இப்படிப் பிரித்து வைத்தவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை.

கே: அண்ணா, ஒரே சர்வரில் இருந்தவரை கம்போஸில் (எந்தெந்த கன்டெய்னர் ஓட வேண்டும் என்று எழுதும் ஃபைல்) 'டிபி' என்று வைத்த பெயரிலேயே ஆப் கனெக்ட் ஆனது. டேட்டாபேஸை வேறு சர்வருக்கு மாற்றியதும் அந்தப் பெயரே தெரியவில்லை என்கிறது. லோக்கல்ஹோஸ்ட் போட்டும் பார்த்துவிட்டேன்.

ப: அந்தப் பெயருக்கு விலாசம் சொன்னது டாக்கரின் உள் டிஎன்எஸ் (பெயரைக் கேட்டு ஐபி விலாசம் சொல்வது), 127.0.0.11. அதன் ராஜ்ஜியம் அந்த ஒரு மெஷினோடு சரி, பக்கத்து மெஷினில் என்ன ஓடுகிறது என்று அதற்குத் தெரியாது. லோக்கல்ஹோஸ்ட் என்றால் கன்டெய்னருக்குத் தன்னைத்தான் தெரியும். டேட்டாபேஸ் சர்வரின் பிரைவேட் ஐபியை, உதாரணமாக 10.0.0.5, ஆப்பில் கொடுங்கள். கோடில் கை வைக்க மனமில்லையென்றால் கம்போஸின் எக்ஸ்ட்ரா ஹோஸ்ட்ஸ் பகுதியில் 'டிபி'க்கு நேராக அதே ஐபியை எழுதுங்கள்.

கே: போஸ்ட்கிரெஸின் 5432 போர்ட்டை, கன்டெய்னருக்கு வெளியிலிருந்து எட்டும்படி பப்ளிஷ் செய்தேன். யுஎஃப்டபிள்யூ ஃபயர்வாலில் அதை மூடியும் வைத்தேன். ஆனாலும் வீட்டு லேப்டாப்பிலிருந்து நேராக உள்ளே போக முடிகிறதே?

ப: உடனே அந்த கன்டெய்னரை நிறுத்திவிட்டு மீதியைப் படியுங்கள்.

வெறும் 5432:5432 என்று எழுதினால், மெஷினில் உள்ள எல்லா ஐபியிலும் போர்ட் திறக்கும். டாக்கர், லினக்ஸின் பாக்கெட் வடிகட்டியான ஐபிடேபிள்ஸில் தன் சொந்த நாட் (விலாசம் மாற்றும்) விதிகளை எழுதிக்கொள்கிறது. யுஎஃப்டபிள்யூவில் நீங்கள் மூடியது இன்புட் செயினை, அதாவது இந்த மெஷினுக்கென்றே வரும் பாக்கெட்டுக்கான விதி வரிசையை. பாக்கெட் அந்தப் பக்கமே வருவதில்லை, கன்டெய்னருக்கு ஃபார்வர்ட் ஆகிவிடுகிறது. வாசலில் வாட்ச்மேன் நிற்கிறார், ஆள் கொல்லைப்புறமாக வந்துவிட்டான்.

10.0.0.5:5432:5432 என்று ஐபியோடு சேர்த்து எழுதுங்கள். அதற்கு மேலும் தடை வேண்டுமென்றால் டாக்கர்-யூசர் செயினில் எழுதுங்கள், அது டாக்கரின் விதிகளுக்கு முன்பே பார்க்கப்படும். டெஸ்ட் டேட்டாபேஸ்தானே என்று ஒருமுறை நானும் அசட்டையாக விட்டேன். காலையில் டேபிள் எல்லாம் காணோம், பிட்காயின் கேட்டு ஒரே ஒரு டேபிள் மட்டும் உட்கார்ந்திருந்தது.

கே: ஐபியோடுதான் எழுதியிருக்கிறேன் சார், அது வயர்கார்ட் (இரண்டு சர்வருக்கும் நடுவே போட்ட விபிஎன்) ஐபி. ரீபூட் செய்தால் டேட்டாபேஸ் எழுந்திருப்பதில்லை.

ப: வயர்கார்ட் வருமுன்பே டாக்கர் விழித்துக்கொண்டு, இல்லாத ஐபியில் போர்ட்டைக் கட்டப் பார்க்கிறது. சர்வீஸ்களை எழுப்பும் சிஸ்டம்டியில் டாக்கர் சர்வீஸ், வயர்கார்டுக்குப் பிறகுதான் எழ வேண்டும் என்று ஒரு வரி சேருங்கள்.

கே: சின்ன குவெரி உடனே வருகிறது. நூறு வரி கேட்டால் அப்படியே தொங்குகிறது. எரரும் இல்லை.

ப: எம்டியுவை (ஒரு பாக்கெட் எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்ற வரம்பு) சந்தேகப்படுங்கள். டாக்கர் பிரிட்ஜ் (கன்டெய்னர்களை இணைக்கும் உள் நெட்வொர்க்) 1500 பைட் என்று நம்புகிறது, நடுவே வயர்கார்ட் இருந்தால் அதில் வழக்கமாக 1420தான். சின்ன பாக்கெட் நுழைந்துவிடும், பெரியது மாட்டிக்கொள்ளும். 'பெரிசாக இருக்கிறது' என்று திரும்பி வர வேண்டிய ஐசிஎம்பி செய்தியை வழியில் ஏதாவது ஃபயர்வால் விழுங்கிவிட்டால் இப்படித்தான் மௌனமாகத் தொங்கும். துண்டாக்கக் கூடாது என்ற குறியோடு பிங் அனுப்பிப் பாருங்கள். 1392 பைட் போய், 1393 போகவில்லையென்றால் ஆசாமி அகப்பட்டான் (தலைப்புகளுக்கு 28 பைட், கூட்டினால் 1420). இரண்டு சர்வரிலும் டாக்கர் நெட்வொர்க்கின் எம்டியுவை 1420 ஆக்குங்கள்.

கே: கம்போஸில் பாஸ்வேர்டை மாற்றியும் பழையதுதான் வேலை செய்கிறது.

ப: கம்போஸில் பாஸ்வேர்டைச் சொல்லும் அந்த வேரியபிளை போஸ்ட்கிரெஸ் இமேஜ் (கன்டெய்னருக்கான அச்சு) பார்ப்பது டேட்டா ஃபோல்டர் காலியாக இருக்கும் முதல் தடவை மட்டும்தான். பிறகு மாற்ற, டேட்டாபேஸுக்குள் போய் ஆல்டர் ரோல் கட்டளை கொடுக்க வேண்டும். டேட்டா இருக்கும் வால்யூமை அழித்தால் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், பாஸ்வேர்டோடு டேட்டாவும் போய்விடும்.

கே: பிரித்த பிறகு பேஜ் மெதுவாகத் திறக்கிறது. நெட்வொர்க் மோசமா?

ப: பேஜுக்கு எத்தனை குவெரி போகிறது என்று முதலில் எண்ணுங்கள். போய்வர 1 மில்லிசெகண்ட் என்றால் 300 குவெரிக்கு 300 மில்லிசெகண்ட். ஒரே மெஷினில் இருந்தபோது இது கண்ணில் பட்டிருக்காது. லூப்புக்குள் ஒவ்வொன்றாகக் கேட்பதை டேபிள்களைச் சேர்த்து ஒரே தடவையில் கேட்கும் ஜாயினாக மாற்றிப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.