அமிலக் கப்பலின் சான்றிதழில் எதைப் பார்க்க வேண்டும்?

கேள்வி: தூத்துக்குடித் துறைமுகத்திற்கு உரத் தயாரிப்புக்கான பாஸ்போரிக் அமிலம் டேங்கர் கப்பல்களில் வருகிறது. அவற்றின் தகுதிச் சான்றிதழ் ஐந்தாண்டுகளுக்குச் செல்லும் என்கிறார்கள். ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை சோதித்தால் போதுமா?
- தூத்துக்குடி வாசகர்

பதில்: போதாது; விதியும் அப்படிச் சொல்லவில்லை. 1986 ஜூலை 1 முதல் கட்டப்பட்ட ரசாயன டேங்கர்கள் சர்வதேசக் கடல்சார் அமைப்பின் ஐபிசி விதித்தொகுப்புக்கு (அபாயகரமான ரசாயனங்களை மொத்தமாக ஏற்றும் கப்பல்களுக்கான விதிகள்) உட்பட்டவை. கப்பல் எந்த நாட்டுக் கொடியுடன் ஓடுகிறதோ அந்த நாட்டு அரசோ, அதன் சார்பில் கப்பல்களின் தரத்தை ஆய்வு செய்யும் இந்தியன் ரெஜிஸ்டர் ஆஃப் ஷிப்பிங் போன்ற வகைப்பாட்டு நிறுவனமோ சான்றிதழை வழங்கும். ஆண்டுதோறும், சான்றிதழின் ஆண்டு நிறைவு நாளுக்கு மூன்று மாதங்கள் முன்போ பின்போ, ஆய்வாளரான சர்வேயர் கப்பலேறிப் பார்த்து, ஆய்வு முடிந்ததற்கு அடையாளமாகச் சான்றிதழில் மேலொப்பமிட வேண்டும். இரண்டாம் அல்லது மூன்றாம் ஆண்டில் இன்னும் விரிவான இடைக்கால ஆய்வு உண்டு. இவற்றில் ஒன்று விடுபட்டாலும், கப்பல் வேறு நாட்டுக் கொடிக்கு மாறினாலும், சான்றிதழ் செல்லாததாகிவிடும். ஆகவே, முகப்பிலுள்ள காலாவதித் தேதியோடு நின்றுவிடாமல் மேலொப்பப் பக்கங்களைப் புரட்டிப் பார்ப்பதே முறை.

அமிலத்தைப் பொறுத்தவரை ஆய்வில் மிக முக்கியமானவையாக நான் கருதுவது சிறிய பொருள்களைத்தான். மேல்தளத்தில் அவசரக் குளியல் குழாயும் கண் கழுவும் குழாயும் இருக்க வேண்டும். கைப்பிடியை இழுத்தவுடன் தண்ணீர் கொட்டவும் வேண்டும். உப்புக்காற்றில் துருவேறி இறுகிப்போன கைப்பிடி, முகத்தில் அமிலம் தெறித்த மாலுமிக்கு எந்த விதத்திலும் உதவாது. குழாய்கள் இணையும் இடத்தில் அமிலம் பீறிட்டு அடிக்காதபடி மறைப்பும், அடியில் சொட்டுத் தட்டும் வேண்டும். கசிந்த அமிலம் இரும்பை அரிக்கும்போது எளிதில் வெடிக்கக்கூடிய ஹைட்ரஜன் வாயு வெளிப்படும் என்பதால், தொட்டியை ஒட்டிய இடங்களுக்குள் கசிவு புகுந்தால் கண்டறியும் ஏற்பாட்டையும் விதி கேட்கிறது.

கேள்வி: பாமாயில் ஏற்றிவரும் கப்பலுக்கும் இந்தச் சான்றிதழ் தேவையா?
- சென்னை வாசகர்

பதில்: தேவை. சமையலறைப் பொருளாயிற்றே என்று பலருக்கும் வியப்பாக இருக்கும். விதித்தொகுப்பு கப்பல்களை மூன்று வகையாகப் பிரித்து, மிக அபாயமான சரக்குகளுக்கு முதல் வகையை ஒதுக்குகிறது. கந்தக அமிலத்திற்கு மூன்றாம் வகைக் கப்பல் போதும். பாமாயிலுக்கோ, 2007 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, சில விலக்குகள் நீங்கலாக, இரண்டாம் வகைக் கப்பல் வேண்டும். அமிலம் கடல்நீரில் கரைந்து நீர்த்துவிடுகிறது. எண்ணெயோ மிதந்து படர்ந்து கடற்பறவைகளின் இறகில் ஒட்டிக்கொள்கிறது. இந்த வேறுபாட்டை வகைப்பாடு கணக்கில் எடுத்துக்கொண்டிருப்பது சரியே.

சான்றிதழோடு, அந்தக் கப்பல் ஏற்றத்தக்க சரக்குகளின் பட்டியலும் இணைக்கப்பட்டிருக்கும். பாமாயில் அதில் இடம்பெறாவிட்டால், தொட்டி எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் கேப்டன் அதை ஏற்றக்கூடாது.